மீதி ஏழு டாக்டர்கள்

‘ஐந்து வருஷம் கழித்து எங்கே இருப்பீர்கள்?’ என்று கேட்கிறவரிடம் ‘நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில்’ என்று சொன்னால் வேலை கிடைக்காது. இது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் சொன்னேன். ஒரு மணி நேரம் வாசலில் காக்க வைத்துவிட்டு, என் விண்ணப்பத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டால் கோபம் வருமா, வராதா?

இப்படிப் போய் வந்த இன்டர்வியூக்களை எண்ணுவதையே விட்டுவிட்டேன். எல்லா இடத்திலும் ‘சொல்லி அனுப்புகிறோம்’ என்றார்கள். யாரும் சொல்லவும் இல்லை, அனுப்பவும் இல்லை. எனக்கு வாய் நீளம் என்று சொந்தத்தில் எல்லோருக்கும் தெரியும். அது கம்பெனிகளுக்கும் எப்படித் தெரிந்துவிடுகிறது என்றுதான் புரியவில்லை. வாயைத் திறந்ததும் தெரிந்துவிடுகிறது போல.

கடைசியில் மாமா தலையிட்டார். அம்மாவின் தம்பி. மெத்தைக் கடை வைத்திருக்கிறார்.

"இந்த ஒரு இன்டர்வியூவுக்குப் போயிட்டு வரட்டும் அக்கா. கிடைக்கலைன்னா திங்கக்கிழமைலேர்ந்து நம்ம கடைக்கு வந்துடட்டும். என் கண்ணு முன்னாடியே இருந்த மாதிரியும் இருக்கும்" என்றார். அம்மா உடனே தலையாட்டிவிட்டாள். தம்பி சொல்லி அவள் எதற்குத்தான் தலையாட்டவில்லை?

மெத்தைக் கடையில் என்ன வேலை என்று கேளுங்கள். வருகிறவர்கள் மெத்தையில் படுத்துப் பார்ப்பார்கள். பக்கத்தில் நின்று ‘எப்படி இருக்குங்க?’ என்று கேட்க வேண்டும். மாமா கல்லாவில் இருந்தபடியே ‘சிரி, சிரி’ என்று சைகை காட்டுவார். ஒரு லீவு நாளில் அங்கே நின்றிருக்கிறேன். ஒரு ஆள் படுத்தவர் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். நான் தோளைத் தட்டி, ‘வீட்டுக்குப் போய்த் தூங்குங்க சார், உங்களுக்குப் பின்னாடி நாலு பேர் படுக்கக் காத்திருக்காங்க’ என்றேன். மாமா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அந்தக் கடையில், அந்தச் சைகைக்கு முன்னால், ஆயுசு முழுக்க நிற்க என்னால் ஆகாது.

அதனால் இந்த முறை அக்காவிடம் பாடம் கேட்டேன். அவள் என் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கேள்வி கேட்டாள்.

"உங்க பலவீனம் என்ன?"

"இந்த மாதிரி கேள்வி கேக்கறவங்க."

"வாயிலயே ஒண்ணு போடுவேன். ‘நேரங்காலம் பாக்காம உழைப்பேன், அதுதான் என் பலவீனம்’னு சொல்லு."

"பொய்க்கா அது."

"பலவீனம் என்னன்னு கேக்கறவன் எவனும் உண்மையைக் கேக்கலடி. அடக்கமா பேசறியான்னு பாக்கறான், அவ்வளவுதான். நீ ஒரு நாள், ஒரே ஒரு நாள், அடங்கிப் பேசிட்டு வா."

சரி என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

கம்பெனி ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. டாக்டர்கள், சலூன்காரர்கள், கார் ஓட்டக் கற்றுத்தருகிறவர்கள் எல்லோருக்கும் ‘யார் எத்தனை மணிக்கு வரவேண்டும்’ என்று நேரம் குறித்துக் கொடுக்கும் மென்பொருள் செய்கிறார்களாம். அதைப் போனில் பேசி விற்க ஆள் வேண்டும். முன்அனுபவம் தேவையில்லை என்று போட்டிருந்தார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த வரி அதுதான்.

கண்ணாடி அறை ஒன்றில் உட்கார வைத்தார்கள். மேஜை நடுவில் ஒரு போன், சத்தமாகப் பேசுகிற வகை. எதிரே இரண்டு பேர். ஒருவர் எச்.ஆர். மேடம், எதைச் சொன்னாலும் சிரிக்கிறவர். இன்னொருவர் டீம் லீடர், ஒல்லியாக, கையில் இரண்டு போன்களோடு ஓர் இளைஞர்.

"இங்க நாங்க கேள்வியெல்லாம் கேக்க மாட்டோம்" என்றார் மேடம்.

எனக்குக் கடவுளே நேரில் வந்த மாதிரி இருந்தது.

"எங்க சேல்ஸ் ஹெட் சார் ஒரு கஸ்டமர் மாதிரி போன் பண்ணுவார். கோபக்காரக் கஸ்டமர். நீங்க அவரைச் சமாளிக்கணும். அதான் இன்டர்வியூ."

"சும்மா இல்ல" என்று டீம் லீடர் முன்னால் சாய்ந்தார். "சார் சின்ன வயசுல மேடை நாடகமெல்லாம் நடிச்சவரு. நாங்க அவரை ‘நாடகம்’னுதான் சொல்லுவோம், அவர் இல்லாதப்போ. கார் பார்க்கிங்ல உக்காந்து ரிசப்ஷன் நம்பருக்கே கூப்பிடுவாரு. யாரு கத்தினாலும் இந்த ரூமுக்கு லைனைக் குடுத்துடுன்னு ரிசப்ஷன்ல சொல்லி வச்சிருக்கோம். போன வாரம் கால்நடை டாக்டரா வந்தாரு. நாய் குரைக்கிறதையும் அவரே பண்ணினாரு."

"ரெண்டு நாய்" என்றார் மேடம்.

போன் அடித்தது. டீம் லீடர் பட்டனைத் தட்டினார்.

"ஹலோ! யாரு பேசறது? அங்க பொறுப்பான ஆளு ஒருத்தராவது இருக்கீங்களா, இல்லையா?"

"ஆரம்பிச்சுட்டாரு" என்று டீம் லீடர் கிசுகிசுத்தார்.

"வணக்கம் சார், சொல்லுங்க" என்றேன். அக்கா கேட்டிருந்தால் பூரித்துப் போயிருப்பாள்.

"நான் பல் டாக்டர் பேசறேன். பத்து மணிக்கு ஒரு பேஷண்ட் வரணும். எட்டுப் பேர் வந்து நிக்கறாங்க! எட்டுப் பேருக்கும் பத்து மணின்னு உங்க சாஃப்ட்வேர்தான் மெசேஜ் அனுப்பியிருக்கு. எனக்கு இருக்கறது ரெண்டே கை!"

பின்னால் யாரோ ‘நான்தாங்க முதல்ல வந்தேன்’ என்று சண்டை போட்டார்கள். ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

"குழந்தை அழறதைக் கேளுங்களேன்" என்று மேடம் வாயைப் பொத்திக்கொண்டார். "எப்படித்தான் பண்றாரோ!"

நடிப்பு என்று தெரிந்ததால் எனக்குப் பயம் போய்விட்டது. பயம் போனால் என்னிடம் மிஞ்சுவது வாய் ஒன்றுதான்.

"டாக்டர், அந்த எட்டுப் பேர்ல ரொம்ப வலி யாருக்கு?"

"என்னது?"

"யாருக்கு ரொம்ப வலிக்குதுன்னு கேட்டீங்களா? முதல்ல வந்தது யாரு, மெசேஜ் அனுப்பினது யாருங்கறதெல்லாம் அப்புறம். வலியில துடிக்கறவங்களை முதல்ல உள்ள விடுங்க."

"எனக்கே பாடம் எடுக்கறியா? இத்தனை நாளா போன் பண்றேன், ஒருத்தனும் ஒழுங்கா பதில் சொல்லல. இன்னைக்கே உங்க சாஃப்ட்வேரைத் தூக்கிக் குப்பையில போடறேன்!"

டீம் லீடர் கட்டைவிரலை உயர்த்தினார். "கேன்சல் மிரட்டல் வந்துடுச்சு. சமாளிங்க, சமாளிங்க."

"போடுங்க டாக்டர்" என்றேன். மேடத்தின் சிரிப்பு முதல்முறையாகச் சுருங்கியது. "எங்க தப்புன்னா குப்பையில போட வேண்டியதுதான். ஆனா ஒண்ணு கேக்கறேன். இப்போ உங்க முன்னாடி பேஷண்ட் யாராவது படுத்திருக்காங்களா?"

"படுத்திருக்காரு. அதுக்கென்ன?"

"வாயைத் திறந்துகிட்டா?"

"ஆமா."

"நீங்க என்கிட்ட கத்தறதையெல்லாம் அவரு பேசாம கேட்டுக்கிட்டுப் படுத்திருக்காரு. பேசணும்னாலும் பேச முடியாது, பாவம். போனை வச்சுட்டு அவரைக் கவனிங்க. கிளினிக் எங்கன்னு சொல்லுங்க. நானே வந்து முன்னாடி உக்காந்து மத்தவங்களைப் பாத்துக்கறேன்."

போனுக்குள்ளிருந்து ‘ஆங்… ஆங்…’ என்று ஒரு சத்தம் வந்தது. யாரோ முழு மனதோடு ஆமோதிக்கிற சத்தம். டீம் லீடர் சிரிப்பை அடக்க முடியாமல் மேஜைமேல் கவிழ்ந்துவிட்டார். "பேஷண்ட்டும் அவரேதான்!" என்று மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டாக்டரின் குரல் இறங்கிவிட்டது. "உங்க ஆபீஸுக்கு ரெண்டு தெரு தள்ளி. சைக்கிள் கடை மாடியில."

"அரை மணி நேரத்துல வரேன்."

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். நீலச் சட்டை, குட்டித் தொப்பை, கையில் போன், முகமெல்லாம் வேர்வை.

"என்னய்யா இது? எவ்வளவு நேரமா கார்ல உக்காந்து அடிக்கிறேன், பிஸி பிஸின்னே வருது! பேக்கரி முதலாளி வேஷம், தொண்டையெல்லாம் தயார் பண்ணி வச்சிருந்தேன்!"

மேஜைமேல் இருந்த போன் கேட்டது: "ஹலோ? நிச்சயமா வருவீங்கதானே?"

டீம் லீடர் போனைப் பார்த்தார், நாடகத்தைப் பார்த்தார், மறுபடியும் போனைப் பார்த்தார். பதற்றத்தில் பட்டனை அமுக்கி லைனைத் துண்டித்தார்.

"யாரு அது?" என்றார் நாடகம்.

"பல் டாக்டர் சார். நிஜ டாக்டர். நாங்க நீங்கன்னு நினைச்சு…"

"பல் டாக்டரா?" அவர் முகத்தில் இருந்த வேர்வை இரண்டு மடங்கானது. மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு கஸ்டமர் கத்தியதற்கு இவ்வளவு ஆட்டம் காண்பானேன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

மேடத்துக்குச் சிரிப்பு திரும்பி வந்துவிட்டது. "ரொம்ப நல்லா பேசினீங்க. நாங்க சொல்லி அனுப்பறோம்."

போச்சு. குப்பையில் போடச் சொன்னது நிஜக் கஸ்டமரிடம்.

தெருவுக்கு வந்து நின்றேன். அழுகை வந்தது. அதைவிட வேகமாகக் கோபம் வந்தது. அவர்கள் ஏற்பாட்டில் அவர்களே ஏமாந்துவிட்டு என்னை அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குப் போனால் மாமா மெத்தையோடு காத்திருப்பார். அந்த டாக்டரும் காத்திருப்பார், வருகிறேன் என்று வேறு சொல்லித் தொலைத்திருந்தேன். மாமாவின் ‘சிரி, சிரி’ சைகைக்கு டாக்டரின் கத்தல் எவ்வளவோ மேல் என்று தோன்றியது. நடந்தேன்.

கிளினிக்கின் முன்னறையில் நிற்க இடமில்லை. ஆளுக்கொரு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு கூட்டம். மேஜையில் டாக்டரின் மனைவி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"நீங்கதான் போன்ல பேசினவங்களா? நல்லவேளை வந்தீங்க! பேப்பர்லயே எழுதிக்கலாம்னு அன்னைக்கே சொன்னேங்க. கேட்டாத்தானே இந்த மனுஷன்!"

நான் கன்னங்களைப் பார்த்தேன். அதிகம் வீங்கியவரை முதலில் உட்கார வைத்தேன். பல் சுத்தம் செய்ய வந்த இரண்டு பேரிடம், ‘ஒரு நாள் தள்ளிப்போனா பல்லு ஓடிடாதுங்க’ என்று சொல்லி மறுநாள் வரச்சொன்னேன். நான்தான் முதலில் வந்தேன் என்று சண்டை போட்டவரிடம், ‘சரி, நீங்கதான் முதல்ல வந்தீங்க, ஒத்துக்கறோம், உக்காருங்க’ என்றேன். அவருக்கு அது போதுமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் படியேறி மூச்சிரைக்க வந்து நின்றார் நாடகம். என்னைப் பார்த்ததும் திகைத்தார்.

"நீங்க இங்க என்ன பண்றீங்க?"

"வரேன்னு சொன்னேனே சார்."

"சரி சரி. நான் டாக்டரை உடனே பாக்கணும்."

"நாங்க மட்டும் கதவைப் பாக்கவா வந்திருக்கோம்?" என்றார் வீங்கிய கன்னக்காரர்.

"உங்களுக்கு வலி இருக்கா சார்?" என்று கேட்டேன்.

"இல்ல."

"அப்போ நீங்க கடைசி. உக்காருங்க."

என்ன நினைத்தாரோ, உட்கார்ந்துவிட்டார்.

டாக்டரின் மனைவியிடம் கேட்டு நான் கம்ப்யூட்டரைத் திறந்தேன். எனக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியாது. ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிக்கொண்டே போனேன். ‘எங்கள் டாக்டர்கள்’ என்று ஒரு பக்கம் வந்தது. எட்டு டாக்டர்கள். முதல் படத்தில் நம் டாக்டர். மீதி ஏழு படங்களையும் பார்த்தேன். ஒருவருக்குக் கறுப்பு மீசை, ஒருவருக்கு வெள்ளை மீசை. ஒருவர் சோடாபுட்டிக் கண்ணாடி. ஒருவர் குறுந்தாடி. ஒரு லேடி டாக்டர், சுருட்டை முடியும் நல்ல தொப்பையுமாக. ஏழு பேரும் ஒரே ஆள். அந்த ஆள் எனக்கு எதிரே, சுவரோரம், கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

விஷயம் புரிந்துவிட்டது. சாஃப்ட்வேரை விற்பதற்காக, போனில் பேசியபடியே இதை டாக்டரின் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டியபோது, பெரிய ஆஸ்பத்திரி மாதிரி தெரியட்டும் என்று ஏழு டாக்டர் வேஷம் கட்டிப் படம் ஏற்றியிருக்கிறார். விற்று முடிந்ததும் எடுக்க மறந்துவிட்டார். பாவம் சாஃப்ட்வேர், அது எட்டு டாக்டர் இருப்பதாக நம்பி ஆளுக்கொரு பேஷண்ட்டாகப் பத்து மணிக்குக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

நாடகம் என்னைப் பார்த்தார். நான் எந்தப் பக்கத்தைத் திறந்திருக்கிறேன் என்று என் முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். தலையை மெல்ல, மிக மெல்ல, வேண்டாம் என்பதுபோல் ஆட்டினார்.

உள் கதவு திறந்தது. டாக்டர் கையுறையோடு வெளியே வந்தார்.

"என்னம்மா, கண்டுபிடிச்சீங்களா? யாரு பண்ணின வேலை இது?"

நாடகம் துள்ளி எழுந்தார். "டாக்டர், நான் சேல்ஸ் ஹெட். உங்களோட போன்லதான் பேசியிருக்கேன். இது ஒண்ணுமில்ல, சிஸ்டத்துல ஒரு சின்ன…"

அடங்கிப் பேசு என்றாள் அக்கா. இங்கே பேசவே வேண்டியதில்லை. அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, ஆமாம், சிஸ்டம்தான் என்று தலையாட்டினால் போதும். அந்த மனிதர் நன்றியோடு எனக்கு வேலை கொடுத்துவிடுவார், அவர் கண்ணிலேயே அது எழுதியிருந்தது. மெத்தைக் கடை ஒழிந்தது. என்னால் முடியும் என்றுதான் நினைத்தேன். ஆனால் இருக்கிற வலி போதாதென்று, இத்தனை பேரும் சிஸ்டத்தை நம்பி வந்து நிற்கிறார்களே என்று பற்றிக்கொண்டு வந்தது.

"சிஸ்டம் இல்ல டாக்டர்" என்று திரையை அவர் பக்கம் திருப்பினேன். "சார்தான்."

டாக்டர் குனிந்து பார்த்தார். மனைவி எட்டிப் பார்த்தார். வீங்கிய கன்னக்காரரும் வந்து பார்த்துவிட்டு, நாடகத்தையும் ஒரு தரம் பார்த்துவிட்டு, சிரித்தார். சிரித்ததும் வலித்து, ஐயோ என்றார்.

"இத்தனை நாளா போன் பண்ணினேன்" என்று டாக்டர் நிதானமாகச் சொன்னார். "ஒவ்வொரு தடவையும் சிஸ்டம், சிஸ்டம்னாங்க. அந்த சிஸ்டம் எப்படி இருக்கும்னு இன்னைக்குத்தான் பாக்கறேன். மீசை வச்சிருக்கு."

"இந்தக் குறுந்தாடி டாக்டருக்கு நாளைக்கு மூணு பேஷண்ட் இருக்காங்களே" என்றார் மனைவி, நாடகத்திடம். "காலையிலேயே வந்துடுவீங்களா?"

நாடகம் தாடியில்லாத தாடையைத் தடவிக்கொண்டார்.

டாக்டர் அந்த ஏழு பேரையும் ஒவ்வொருவராக நீக்கச் சொன்னார். நீக்கினேன். லேடி டாக்டர் போகும்போது மட்டும் எனக்கே மனசு கேட்கவில்லை.

"சரி, குப்பையில போடறதைக் கொஞ்ச நாள் தள்ளிவைக்கறேன்" என்றார் டாக்டர். "ஆனா இனிமே நான் போன் பண்ணினா இந்தப் பொண்ணுதான் எடுக்கணும்."

"நான் அங்க வேலை பாக்கலைங்க டாக்டர். இன்டர்வியூவுக்குத்தான் வந்தேன். காலையில நீங்க பேசினதைச் சார் நடிக்கறார்னு நினைச்சுத்தான் அப்படியெல்லாம் பேசிட்டேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார், நாடகத்தைப் பார்த்தார். "உங்க கம்பெனியில யாராவது நிஜமா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு, மரத்துப்போன பல் முழித்துக்கொள்ளும் என்று உள்ளே போய்விட்டார்.

நாடகமும் நானும் படி இறங்கினோம். பாதிப் படியில் அவர் நின்றார்.

"என்னை இப்படிக் காட்டிக் குடுத்துட்டீங்களே."

"ஆமா சார்."

"மறைச்சிருக்கலாம்."

"மறைச்சிருக்கலாம். நாளைக்குக் குறுந்தாடிக்கு மூணு பேர் வந்து நிப்பாங்க. அவங்ககிட்ட யாரு சார் பேச்சு வாங்கறது? நீங்க கார்ல உக்காந்து குரைச்சுக்கிட்டு இருப்பீங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. எல்லாம் முடிந்தது என்று அடுத்த படியில் கால் வைத்தேன்.

"என்ன சம்பளம் எதிர்பாக்கறீங்க?" என்றார் அவர்.

எத்தனையோ இன்டர்வியூக்களுக்குப் போயிருக்கிறேன். இந்தக் கேள்வி வரைக்கும் ஒன்றில்கூட நான் வந்ததில்லை. அதற்கு மட்டும் என்னிடம் பதில் தயாராக இல்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கண்ணீர் அது பாட்டுக்குக் கொட்டியது. சந்தோஷத்தில் இப்படி ஏங்கி ஏங்கி அழுகை வரும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

அவர் கைக்குட்டையை எடுக்கப் போனவர், பாதியில் நிறுத்தி, தலையைச் சாய்த்து என்னை உற்றுப் பார்த்தார்.

"பிரமாதம்" என்றார். "சம்பளப் பேச்சை இப்படி யாரும் ஆரம்பிச்சதே இல்ல. அந்த உதடு துடிக்கறது எப்படிப் பண்றீங்க?"

"நடிக்கலை சார்" என்றேன். "நிஜமாவே அழறேன்."

அவர் நம்பவில்லை. நான் ஒரு வார்த்தை கேட்காமலேயே, சம்பளத்தை அவராகவே இரண்டு தடவை கூட்டிச் சொன்னார்.